எல்லாரும் ஒரே ரேட் வைத்துக்கொள்ளலாமா? அச்சக உரிமையாளர் ஒருவருக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் ஊரில் ஒன்பது ஆஃப்செட் அச்சகங்கள். பேப்பர், இங்க், கரண்ட், கூலி எல்லாம் ஏறிவிட்டன. நோட்டீஸ், பில் புக், கல்யாணப் பத்திரிகை ரேட் மட்டும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டே போகிறது. ஒன்பது பேரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "ஆயிரம் நோட்டீஸுக்கு இதுக்குக் கீழே யாரும் வாங்கக் கூடாதுன்னு ஒரு மினிமம் ரேட் போட்டுடலாம்" என்று எழுதியிருக்கிறார். ஐந்து பேர் கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் கூட்டம். இது தப்பா, நாமெல்லாம் சின்ன ஆட்கள்தானே, நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

தப்புதான். சின்ன ஆட்கள் என்பதால் அது தப்பில்லாமல் போய்விடாது. தண்டனையில் கொஞ்சம் கருணை கிடைக்கலாம், அவ்வளவுதான். இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் 26 வருடம் அச்சகம் நடத்தியவன், எட்டு வருடம் எங்கள் வட்டாரச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

எங்கள் சங்கம் 2013-ல் இதையேதான் செய்தது. ரேட் கார்டு அடித்தோம். மஞ்சள் அட்டை, லேமினேஷன், மேலே ஒரு ஓட்டை போட்டு நூல் கட்டியது. கம்போஸ் செய்தவன் நான். தலைப்பில் "சங்கத் தீர்மானத்தின்படி" என்று கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களையும் போட்டிருந்தேன். கல்லாவுக்கு மேலே மூன்று வாரம் தொங்கியது. ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் தன் தங்கை கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவன், அந்த அட்டையை நின்று படித்தான். "மாமா, கேஸ் போடறவங்க இந்த மாதிரி ஒரு சாட்சியம் கிடைக்காதான்னு அலைவாங்க. நீங்களே அடிச்சு, பேரும் போட்டு, மாட்டி வெச்சிருக்கீங்க" என்றான். அன்று இரவே தலைவருக்குப் போன் போட்டேன். கொடுத்த 41 அட்டைகளையும் ஒவ்வொரு கடையாகப் போய்த் திரும்ப வாங்கினோம். அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

சட்டத்தின் பெயர் போட்டிச் சட்டம், 2002. இந்த வகை உடன்பாடுகளைத் தடுக்கிற பிரிவு 2009 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தது. விசாரிப்பது இந்தியப் போட்டி ஆணையம், சுருக்கமாக சிசிஐ. உங்களுக்கு வேண்டியது 3(3) என்ற உட்பிரிவு. ஒரே தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டியாக இருப்பவர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பது, சரக்கையோ சேவையையோ கட்டுப்படுத்துவது, ஏரியாவையோ வாடிக்கையாளரையோ பங்கு போட்டுக்கொள்வது, டெண்டரில் கூட்டு சேர்வது ஆகிய நான்கும் அதில் வருகின்றன. இவற்றில் ஒன்றைச் செய்ததாகத் தெரிந்தாலே, போட்டிக்குக் கெடுதல் நடந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். கெடுதல் இல்லை என்று காட்டுவது உங்கள் தலையில் விழும். "நாங்கள் நியாயமான விலைதானே வைத்தோம்" என்ற வாதம் இந்த இடத்தில் அவ்வளவாக எடுபடாது. விலை நியாயமா இல்லையா என்பதைவிட, அதை ஒன்பது பேரும் தனித்தனியாக முடிவு செய்தார்களா, கூடி முடிவு செய்தார்களா என்பதுதான் முதலில் பார்க்கப்படும்.

இனி 'உடன்பாடு' என்ற சொல். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உடன்பாடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டத்தின் விளக்கம் அப்படி இல்லை. வாய்மொழிப் புரிதல், கூடிச் செய்யும் செயல், எழுத்தில் இல்லாத ஏற்பாடு, கோர்ட்டில் செல்லாத ஏற்பாடு எல்லாமே உடன்பாடுதான். டீக்கடையில் பேசி, தலையாட்டிவிட்டுக் கலைந்தாலும் சரி. அந்த ஐந்து கட்டைவிரல்களும் அப்படித்தான் படிக்கப்படும். பதிலே போடாமல் குழுவில் இருந்துவிட்டு, அடுத்த மாதம் அதே ரேட்டுக்கு ஏறினவரும் தப்பிவிட்டதாக நினைக்க முடியாது.

'விலை' என்பதும் நோட்டீஸ் ரேட்டோடு நின்றுவிடாது. டிசைன் சார்ஜ் எல்லாரும் தனியாக வாங்குவோம், 50 சதவீதம் அட்வான்ஸ் இல்லாமல் யாரும் வேலை எடுக்க வேண்டாம், தள்ளுபடி யாரும் கொடுக்க வேண்டாம், டெலிவரிக்கு இவ்வளவு என்று பேசுவதெல்லாம் விலையைப் பேசுவதுதான். மேற்கு வங்க மருந்துக் கடைச் சங்கத்தின் மேல் 2014 மார்ச்சில் வந்த சிசிஐ உத்தரவு இப்படிப்பட்டது. அங்கே யாரும் புதிதாக விலை நிர்ணயிக்கவில்லை. எம்ஆர்பியில் தள்ளுபடி கொடுக்காதீர்கள் என்றுதான் சங்கம் கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தியது. சிசிஐ அதை விலை நிர்ணயமாகவே எடுத்துக்கொண்டது. சங்கத்தோடு நிறுத்தாமல், நிர்வாகிகள், செயற்குழு உறுப்பினர்கள் மேலும் அபராதம் போட்டது. என் மஞ்சள் அட்டையின் அடியில் இருந்த மூன்று பெயர்கள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இதனால்தான்.

"முடிவு எதுவும் எடுக்கவில்லை, யார் என்ன ரேட் வாங்குகிறார்கள் என்று மட்டும்தான் குழுவில் போடுகிறோம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ஆபத்துதான். சிமென்ட் கம்பெனிகள் வழக்கில், 2012-ல் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் வந்தபோது, உற்பத்தியாளர் சங்கம் ஊர் ஊராக விலை விவரம் திரட்டிக்கொண்டிருந்ததும் கம்பெனிகளுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. சங்கக் கூட்டம் முடிந்த கையோடு விலை ஏறியதையும் ஆணையம் கவனித்தது. அந்த உத்தரவு மேல்முறையீட்டில் திரும்பிப் போய், 2016-ல் மறுபடியும் வந்து, 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுதியானது. நாளைக்கு நான் வாங்கப் போகும் ரேட் இன்றைக்கே எதிர்க்கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால், அவர் என்னைப் பார்த்துப் பயந்து இறக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஆரம்பிக்கிற இடம் அது.

சரி, இதெல்லாம் பெரிய கம்பெனிகள் கதை என்பீர்கள். உங்கள் அளவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் பர்ன்ஹாம்-ஆன்-சீ என்று கடற்கரையோரச் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அங்கே வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்கள் ஆறு நிறுவனத்தார். கமிஷனில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டது போதும் என்று கூடிப் பேசி, 1.5 சதவீதத்துக்குக் கீழே யாரும் போவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் குழுவில் ஓடுகிற அதே பேச்சு. அங்குள்ள போட்டி ஆணையம் 2017-ல் உத்தரவு போட்டது. மொத்த அபராதம் 3,70,000 பவுண்டுக்கு மேல். ஆறு பேரில் ஒருவர் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டதால் அவருக்கு மட்டும் அபராதம் இல்லை. அடுத்த வருடம் இரண்டு இயக்குநர்கள் சில ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்கக் கூடாது என்று தடை வந்தது.

நம் பக்கத்திலேயே கொச்சி இருக்கிறது. வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்கு டிரெய்லர் ஓட்டும் உரிமையாளர்களின் சங்கங்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டு, 'டர்ன் சிஸ்டம்' கொண்டுவந்தன. வண்டிகள் வரிசைப்படி போகும், வாடகை ஒரே மாதிரி, புக்கிங் கமிட்டி வழியாக. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களும் இருந்த தொழில் அது. புகார் கொடுத்தது கொச்சித் துறைமுகப் பொறுப்புக் கழகம். 2017 ஆகஸ்டில் சிசிஐ இதைச் சட்டமீறல் என்று தீர்மானித்தது. எனக்கு அந்த உரிமையாளர்கள் மேல் கோபம் வரவில்லை. வண்டிக் கடன், டீசல், டயர் என்று அழுத்தத்தில்தான் அப்படி ஒன்றைச் செய்திருப்பார்கள். ஆனால் கட்டுப்படியாகவில்லை என்ற காரணம் சட்டத்தின் முன்னால் அவர்களைக் காப்பாற்றவில்லை.

சிறு தொழிலுக்குச் சலுகையே இல்லையா என்றால், தண்டனை அளவில் பார்ப்பதுண்டு. ரயில்வேக்கு பிரேக் பிளாக் சப்ளை செய்த பத்து நிறுவனங்கள் விலையைக் கூடிப் பேசி டெண்டர் போட்ட வழக்கில், 2020 ஜூலையில் சிசிஐ குற்றம் நிரூபணம் என்றது. ஆனால் பலர் சிறு, குறு நிறுவனங்கள், கொரோனா காலம் என்பதையெல்லாம் பார்த்து அபராதம் போடாமல், இனி செய்யாதீர்கள் என்று விட்டது. இதை நம்பி இறங்காதீர்கள். சட்டப்படி கார்ட்டலுக்கு, அதாவது போட்டியாளர்கள் இப்படிக் கூட்டு சேர்வதற்கு, அது நடந்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தில் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போடலாம். வருடம் 40 லட்சத்துக்கு வேலை செய்யும் அச்சகம் மூன்று வருடம் இப்படி ஓட்டியிருந்தால் 10 சதவீதக் கணக்கிலேயே 12 லட்சம். இரண்டாங்கை மெஷின் ஒன்று வாங்கிவிடலாம். அதற்கு முன்னால் டெல்லிக்குப் பதில் எழுதுவதற்கும் வக்கீலுக்கும் ஆகிற செலவு வேறு.

யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்கிறீர்கள். யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். வாடிக்கையாளர் கொடுக்கலாம், குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு போனவர் கொடுக்கலாம். உங்கள் ஒன்பது பேரில் ஒருவரே கொடுக்கலாம்; முதலில் போய் முழு உண்மையைச் சொல்பவருக்கு அபராதம் முழுவதுமே தள்ளுபடியாக வழி இருக்கிறது. டார்ச் லைட்டில் போட்டு வளர்ந்தோமே, அந்த பேட்டரிக் கம்பெனிகள் வழக்கில் இதுதான் நடந்தது. பானாசோனிக் முதலில் போய்ச் சொன்னது, அபராதம் பூஜ்யம். எவரெடிக்கு 171 கோடிக்கு மேல், நிப்போ தயாரிக்கும் நம் சென்னைக் கம்பெனிக்கு 42 கோடிக்கு மேல் 2018-ல் போடப்பட்டது. விலைக் கூட்டு வைத்தால் கூட இருப்பவர்களில் யார் முதலில் ஓடுவார் என்ற பயத்தோடேயே தொழில் பண்ண வேண்டும்.

இப்போது ஒரு பயத்தை நீக்கிவிடுகிறேன். ரேட் ஒன்றாக இருப்பதே குற்றம் இல்லை. எதிர்க்கடை போர்டைப் பார்த்துவிட்டு நீங்களாக உங்கள் ரேட்டை மாற்றினால் அது வியாபாரம். பேப்பர் ஆலை விலையை ஏற்றியதும் ஊரில் எல்லாருமே ஏற்றினால் அதுவும் இயல்பு. சமையல் கேஸ் சிலிண்டர் தயாரிப்பாளர்கள் இந்தியன் ஆயில் டெண்டரில் ஒரே மாதிரி விலை போட்ட வழக்கில், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிசிஐ உத்தரவை ரத்து செய்தது. வாங்குபவர்கள் மூன்றே பேர், பொருள் ஒரே அளவு, எல்லா விவரமும் எல்லாருக்கும் தெரியும்; அப்படிப்பட்ட சந்தையில் விலை ஒத்துப்போவதை மட்டும் வைத்துக் கூட்டு என்று சொல்லிவிட முடியாது என்றது. ஆனால் அதற்கு முந்தைய வருடம், இந்திய உணவுக் கழகத்துக்குத் தானியத்தில் பூச்சி கொல்லும் மாத்திரை சப்ளை செய்த வழக்கில் மூன்று கம்பெனிகள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரே எண்ணை எழுதியதை அதே நீதிமன்றம் தற்செயல் என்று ஏற்கவில்லை. விலை ஒத்துப்போவதற்குச் சந்தையே காரணம் சொல்கிறதா, இல்லை பேசிக்கொள்ளாமல் அப்படி வந்திருக்கவே முடியாதா என்பதில்தான் வித்தியாசம். குழுவில் பேச்சு ஓடியதற்குச் சாட்சி இருந்தால் இந்த ஆராய்ச்சிக்கே இடம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம் தொழிலில் தினமும் நடப்பது: சப்போர்ட் கொட்டேஷன். ஏதோ ஒரு அலுவலகத்தில் படிவம் அடிக்க வேண்டும். கிளார்க் சொல்வார், "சார், ஆர்டர் உங்களுக்குத்தான். மூணு கொட்டேஷன் வேணும், மத்த ரெண்டையும் நீங்களே வாங்கிக் கொடுத்துடுங்க." நண்பரின் அச்சகத்து லெட்டர்பேடில் பத்து சதவீதம் கூட்டி ஒன்று, இன்னொருவரிடம் பன்னிரண்டு சதவீதம் கூட்டி ஒன்று. நான் பல வருடம் இப்படிக் கொடுத்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். என் மேஜை டிராயரில் இன்னொரு அச்சகத்தின் வெற்று லெட்டர்பேட் பத்துத் தாள், அவருடைய முத்திரையோடு எப்போதும் இருக்கும். உதவி என்றுதான் நினைத்தோம். சட்டத்தின் கண்ணில் இது டெண்டரில் கூட்டு சேர்வது, அதே 3(3)-ல் நாலாவது. பணம் பொதுமக்களுடையது என்பதால் தணிக்கையில் சிக்கினால் மோசடி வழக்காகவும் திரும்பலாம். மூன்று கொட்டேஷனும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்தது, ஒரே எழுத்துப் பிழை மூன்றிலும் இருப்பது என்று மாட்டிக்கொள்வதற்கு வழி ஏராளம். ரேட் கார்டைக் கைவிட்ட அன்றே அந்தத் தாள்களையும் உரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். கிளார்க்கிடம், "என் கொட்டேஷன் மட்டும் தர்றேன், மத்ததை நீங்க நேரா கேட்டுக்கங்க" என்றேன். இரண்டு அலுவலக ஆர்டர் போனது. போனது போகட்டும் என்று விட்டேன்.

அடுத்து, ரேட்டை உடைக்கும் அந்த ஒருவர். "அவருக்கு பேப்பர் கொடுக்காதீங்கன்னு மொத்தக் கடைக்காரரிடம் சொல்லலாமா" என்று உங்கள் குழுவில் யோசனை வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சப்ளையை நிறுத்தச் சேர்ந்து அழுத்தம் கொடுப்பதும் அதே சட்டத்தில் மாட்டிவிடும். அவர் அடக்க விலைக்குக் கீழே விற்கிறார் என்பது சட்ட மீறலும் இல்லை. அந்தத் தடை சந்தையைக் கையில் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்குத்தான். அப்புறம், பேப்பர் கடைக்காரரையே நடுவில் வைத்து ஒவ்வொருவருக்கும் ரேட் சொல்லி அனுப்பினாலும் தப்ப முடியாது. அச்சகத் தொழிலில் இல்லாத ஒருவர் இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பங்கெடுத்தால் அவரையும் சேர்த்துக்கொள்ள 2023 திருத்தம் வழி செய்திருக்கிறது.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நஷ்டப்பட வேண்டுமா? கூடாது. ரேட்டைக் கூடி நிர்ணயிக்காமலே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் வேலை, உங்கள் அடக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஏ4 அளவில், ஒரு கலரில், ஒரு பக்கம் ஆயிரம் நோட்டீஸ் என்று எடுங்கள். ஏ3 தாளில் இரண்டு இரண்டாகப் போட்டால் ஒரு ரீம். மெஷின் ஓடுவது பத்து நிமிடம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் ரன்னிங் சார்ஜ் போடுகிறோம். ஆனால் பிளேட் மாட்டி, இங்க் சரிசெய்து, தாள் ஓட்டம் பார்த்து, முதல் நல்ல தாள் வெளியே வர இருபது நிமிடம். முடிந்ததும் பிளாங்கெட் துடைத்து, அடுத்த வேலைக்கு ரோலர் கழுவப் பதினைந்து நிமிடம். ஆக மெஷின் பிடித்த நேரம் முக்கால் மணி. போதாததற்கு வாடிக்கையாளர் புரூஃப் பார்க்காமல் விட்டு, போன் நம்பர் தப்பு என்று மறுபடி அடிக்கச் சொல்வார். ஒரு மாதம் மெஷின் பக்கத்தில் நோட்டு வைத்து ஒவ்வொரு வேலைக்கும் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் எழுதச் சொன்னேன். மாதக் கடைசியில் வாடகை, கூலி, கரண்ட், கடன் தவணை எல்லாவற்றையும் கூட்டி மெஷின் மணிக்கு இவ்வளவு என்று பிரித்தபோது, எடுத்த வேலைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கைக்காசு போட்டுச் செய்தவை. அடுத்த மாதமே அந்த வகை வேலைக்கு நான் மட்டும் ரேட்டை ஏற்றினேன், யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு பள்ளிக்கூடங்கள் போயின, ஒன்று நாலு மாதத்தில் திரும்பி வந்தது.

இந்தக் கணக்குப் போடும் முறையைச் சங்கத்தில் வகுப்பாகவே நடத்தலாம், நாங்கள் நடத்தினோம். கற்பனை அச்சகம் ஒன்றை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். யாருடைய சொந்த எண்ணும் கரும்பலகைக்கு வரக் கூடாது. மெஷின் மணிக்கு எல்லாரும் இவ்வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையும் வரக் கூடாது. வந்தால் அது மறுபடியும் ரேட் கார்டுதான்.

பாக்கி வசூல் பிரச்சினைக்கும் கூட்டு முடிவு தேவையில்லை. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு அச்சகத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க வாங்குபவருக்கு உரிமை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டுப் பாருங்கள், சில கம்பெனிகளின் கணக்குப் பிரிவே கொஞ்சம் சுறுசுறுப்பாகும். வரி, மின்கட்டணம் பற்றி அரசாங்கத்துக்கு ஒன்பது பேரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். பேப்பரை லாரி லோடாகச் சேர்ந்து வாங்கலாம். வாங்கியதை அவரவர் எந்த விலைக்கு அடித்துக் கொடுக்கிறார் என்ற பேச்சு அந்த அறைக்குள் நுழையாதவரை அதில் பெரிய சிக்கல் வராது, ஆனாலும் ஆரம்பிக்கும் முன் ஒரு வக்கீலிடம் ஏற்பாட்டைக் காட்டிவிடுங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழுவை விட்டுச் சத்தமில்லாமல் வெளியேறாதீர்கள், பழைய செய்திகளை அழிக்கவும் செய்யாதீர்கள். இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "நண்பர்களே, நோட்டீஸ் மினிமம் ரேட் பற்றி இங்கே வந்த யோசனைக்கு நான் உடன்படவில்லை. என் ரேட்டை நானே முடிவு செய்வேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன், கேட்கவும் மாட்டேன். ரேட் பற்றிய பேச்சு இந்தக் குழுவில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." போட்டதும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்களும் கட்டைவிரல் போட்டவர்களில் ஒருவர் என்றால் அதை எடுத்துவிட்டேன் என்றும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வாரக் கூட்டத்துக்குப் போவதானால் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ரேட் என்ற சொல் அதில் இருந்தால் போகாதீர்கள். இல்லாமல் இருந்து நடுவில் யாராவது பேச்சை எடுத்தால், ஆட்சேபணையைச் சொல்லி, மினிட்ஸ் நோட்டில் உங்கள் பெயரையும் எழுந்து போன நேரத்தையும் எழுதச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.